பிரபலங்களின் குழந்தை யாரிடம் போகும்? அதற்கும் பெட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை அம்மாவிடமா அப்பாவிடமா என்று கூடவா பந்தயம் கட்டுகிறார்கள்? சும்மா கிளப்பிவிட்ட கதையா?

கதை இல்லை. 2007-ல் அமெரிக்கப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸும் அவருடைய கணவராக இருந்த கெவின் ஃபெடர்லைனும் தங்கள் இரண்டு மகன்களுக்காக லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் யார் கைக்குப் போவார்கள் என்று இணைய பந்தயத் தளங்கள் சில ஆட்ஸ் (ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் எண்) போட்டன. அதே வருடம் அமெரிக்க மாடல் ஆனா நிக்கோல் ஸ்மித் இறந்தபின் அவருடைய கைக்குழந்தைக்கு அப்பா யார் என்பதற்கும் ஆட்ஸ் வந்தது. ஃபுட்பால், குதிரைப் பந்தயம், தேர்தல் எல்லாம் இருக்கும் தளத்தின் ஒரு மூலையில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு பகுதி இருக்கும். ஆஸ்கர் யாருக்கு, அரச குடும்பத்துக் குழந்தைக்கு என்ன பெயர் என்ற கேள்விகளோடு இதுவும் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

பிரிட்னி வழக்கில் என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொல்ல முடியாது, பந்தயத்தின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

2006 நவம்பரில் பிரிட்னி விவாகரத்து மனு போட்டார். 2007 ஜூலை கடைசியில் விவாகரத்து முடிந்தபோது குழந்தைகள் இருவரிடமும் சரிபாதி நேரம் இருக்கலாம் என்று ஏற்பாடு. சில வாரங்களிலேயே ஃபெடர்லைன் தரப்பு அதை மாற்றக் கேட்டது. செப்டம்பரில் நீதிமன்றம் போதைப்பொருள், மது பரிசோதனைக்கு உத்தரவிட்டது. அக்டோபர் 1 அன்று குழந்தைகளை ஃபெடர்லைனிடம் ஒப்படைக்கச் சொன்னது, அதுவும் 'மறு உத்தரவு வரும்வரை'. 2008 ஜனவரி 3 இரவு குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதில் தகராறாகி, போலீஸ் வந்து, பிரிட்னி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். மறுநாள் முழு உரிமையும் தந்தைக்குப் போனது, தாய் பார்க்கும் உரிமைகூட நிறுத்தப்பட்டது. பிறகு பார்க்கும் உரிமை படிப்படியாகத் திரும்பி வந்தது. 2008 ஜூலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, உரிமை ஃபெடர்லைனிடமே இருக்கட்டும், தாய்க்குச் சந்திப்பு நேரம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், 2007 ஆகஸ்டில் ஒருவர் 'ஃபெடர்லைன்' என்று பணம் கட்டியிருந்தால் அவர் எந்தத் தேதியில் ஜெயித்தார்? அக்டோபரிலா, ஜனவரியிலா, அடுத்த ஜூலையிலா?

ஆட்ஸில் மைனஸ், பிளஸ் என்று போட்டிருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

அது அமெரிக்க முறை. ஒரு கற்பனை உதாரணம்: தந்தை −200, தாய் +150. மைனஸ் போட்டவரே முன்னணி. 100 டாலர் லாபம் பார்க்க 200 டாலர் கட்ட வேண்டும். பிளஸ் பக்கத்தில் 100 டாலர் கட்டினால் 150 லாபம்.

இதைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். −200 என்றால் 300-ல் 200, அதாவது 66.7. +150 என்றால் 250-ல் 100, அதாவது 40. கூட்டினால் 106.7 வருகிறது. நூறுக்கு மேல் எப்படி? அந்த உபரிதான் தளத்தின் பங்கு. யார் ஜெயித்தாலும் அவர்கள் பாக்கெட்டுக்குப் போகும் பகுதி அது. இந்த மாதிரி வேடிக்கைப் பந்தயங்களில் அந்த உபரியை வழக்கத்தைவிட அதிகமாகவே வைப்பார்கள், ஏனென்றால் விலை (அதாவது ஆட்ஸ்) போடுகிறவருக்கே தான் போட்ட விலைமேல் நம்பிக்கை கிடையாது.

அந்த விலையை யார், எதை வைத்துப் போடுகிறார்கள்?

ஃபுட்பால் போட்டிக்கு விலை போட நூற்றுக்கணக்கான பழைய ஆட்டங்களின் கணக்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தம்பதியின் குழந்தை வழக்குக்கு என்ன கணக்கு இருக்கிறது? ஒன்றும் கிடையாது. தளத்தில் வேலை செய்யும் ஒருவர் கிசுகிசு பத்திரிகைகளைப் படித்துவிட்டு, 'ஊர் என்ன நினைக்கும்' என்று யூகித்து ஒரு எண்ணைப் போடுகிறார். பணம் ஒரு பக்கமாகக் குவிந்தால் எண்ணை நகர்த்துகிறார். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

அப்புறம் இதில் இன்னொரு நோக்கம் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் முதல் நோக்கம். விலை போட்ட கையோடு ஒரு செய்திக்குறிப்பு பறக்கும். 'பந்தயக்காரர்கள் தந்தை பக்கம்' என்று பொழுதுபோக்குச் செய்திகளில் தளத்தின் பெயரோடு வரும். 2006 அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போகும் வழியை, அதாவது வங்கி, கார்டு வழியான பரிமாற்றத்தை, அடைத்தது. அதற்கப்புறமும் கரீபியன் தீவுகளிலும் கோஸ்டாரிகாவிலும் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளரைத் தேடிய தளங்களுக்கு, வெளிப்படையாக விளம்பரம் செய்வதைவிட இப்படி ஓசியில் பெயர் வருவது எவ்வளவோ மேல். காசு கொடுக்காமல் செய்தியில் இடம் பிடிக்க அழுகிற ஒரு குழந்தை போதும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாமா?

விடமாட்டார்கள். இவ்வகைப் பந்தயங்களுக்கு உச்ச வரம்பு மிகக் குறைவாக இருக்கும். பெரிய தொகையோடு ஒருவர் வந்தாலே 'இவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது' என்று விலையை இறக்குவார்கள், அல்லது கடையை மூடிவிடுவார்கள். பெரிய பணம் வராத சந்தையின் விலை எதையும் கணிக்காது என்பதை இத்துடன் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கூட்டத்தின் அறிவு என்று ஒன்று இருக்கிறதே? தேர்தல் சந்தைகள் சரியாகச் சொல்கின்றன, இது மட்டும் ஏன் சொல்லாது?

தேர்தலில் தகவல் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு. பந்தய விலை அந்தத் துண்டுகளைச் சேர்க்கிறது. குழந்தை வழக்கில் தகவல் நாலைந்து பேரின் பைக்குள் இருக்கிறது: நீதிபதி, இரு தரப்பு வக்கீல்கள், நீதிமன்றம் நியமித்த மனநல மதிப்பீட்டாளர். வெளியே நிற்கும் லட்சம் பேரிடம் இருப்பது புகைப்படமும் தலைப்புச் செய்தியும்தான். லட்சம் பேரின் அறியாமையைக் கூட்டினால் அறிவு வராது.

நீதிபதி எதைப் பார்க்கிறார் என்பதும் ஊர் நினைப்பதற்கு நேர் எதிர். கலிபோர்னியா குடும்பச் சட்டத்தில் அளவுகோல் ஒன்றுதான், குழந்தையின் நலன். உடல்நலம், பாதுகாப்பு, வீட்டு வன்முறை வரலாறு, போதைப் பழக்கம், இரு பெற்றோரோடும் குழந்தைக்கு இருக்கும் தொடர்பு இவை எல்லாம் அதற்குள் வரும். 14 வயதான பிள்ளை பேச விரும்பினால், பேசுவது அதன் நலனுக்குக் கெடுதல் என்று நீதிமன்றம் கருதினாலொழிய, அதைக் கேட்டாக வேண்டும். விசாரணைக்குப் போகும் முன் மத்தியஸ்தரிடம் பேசிப் பார்ப்பது கட்டாயம். இதில் யார் அதிகப் படம் ஓட்டினார், யார் எந்த பார்ட்டியில் தள்ளாடினார் என்ற கணக்கு தானாக வராது. பிரிட்னி வழக்கில் பேசப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று, குழந்தைகளை வண்டியில் ஏற்றி ஓட்டுவதென்றால் செல்லுபடியாகும் கலிபோர்னியா ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்பது. ஊரே அவர் மொட்டையடித்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீதிமன்றம் பரிசோதனைக்கு வந்தாரா, லைசென்ஸ் எடுத்தாரா, சொன்னபடி செய்தாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி சின்னச் சின்ன கீழ்ப்படிதல் விஷயங்களில்தான் வழக்கு திரும்பும், ஆட்ஸ் போடுகிறவருக்கு அது தெரிய வழியே கிடையாது.

சரி, யார் ஜெயித்தார் என்று தளம் எப்படி முடிவு செய்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பந்தயச் சீட்டில் இரண்டு பெயர் இருக்கும். சட்டத்தில் அப்படி இரண்டு பெட்டி கிடையாது. கலிபோர்னியாவில் உரிமை இரண்டு வகை. ஒன்று, பள்ளி, மருத்துவம் போன்றவற்றை முடிவு செய்யும் உரிமை. இன்னொன்று, குழந்தை யார் வீட்டில் வசிக்கிறது என்பது. இரண்டையும் தனியாக ஒருவருக்கோ, சேர்த்து இருவருக்குமோ கொடுக்கலாம். முதலாவது இருவருக்கும், இரண்டாவது ஒருவருக்கு என்றும் கொடுக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் ஒருவரிடம், இரண்டு நாள் இன்னொருவரிடம் என்றால் யார் ஜெயித்தார்? மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்க வாரத்துக்குச் சில மணி நேரம் பார்க்கலாம் என்றால்? எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக்குப் பதினெட்டு ஆகும்வரை எந்த உத்தரவும் கடைசி உத்தரவு இல்லை. சூழ்நிலை மாறினால் மறுபடி மனு போடலாம்.

ஏஞ்சலினா ஜோலி, பிராட் பிட் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் ஜோலி மனு போட்டபோது ஆறு குழந்தைகளும் மைனர்கள். 2018 நவம்பரில் குழந்தைகள் விஷயத்தில் உடன்பாடு வந்துவிட்டது என்று செய்தி. முடிந்ததா? இல்லை. 2021 மே மாதம், இருவரும் சேர்ந்து அமர்த்தியிருந்த தனியார் நீதிபதி ஜான் ஓடர்கிர்க் கூட்டு உரிமை என்று தற்காலிக முடிவு சொன்னதாகத் தகவல் வந்தது, 'பிட்டுக்கு வெற்றி' என்று தலைப்புகள் பறந்தன. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீதிபதியையே வழக்கிலிருந்து விலக்கியது. பிட்டின் வக்கீல்களோடு தனக்கிருந்த தொழில் தொடர்புகளை அவர் முழுமையாக வெளிப்படுத்தவில்லை என்பது காரணம். கடைசியில் 2024 டிசம்பர் 30 அன்று விவாகரத்து முடிந்தபோது ஆறில் நான்கு பேர் மேஜராகிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்கள் 16 வயது இரட்டையர் மட்டும். எட்டு வருடத்துக்கு முன் ஒருவர் பணம் கட்டியிருந்தால், கேள்வியே வளர்ந்து ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரி இடத்தில் தளம் தன் விதிமுறையைத் தூக்கிக் காட்டும். 'முதல் அதிகாரபூர்வ அறிவிப்பே கணக்கு', 'எங்கள் முடிவே இறுதியானது', 'தெளிவில்லை என்றால் பணம் திரும்ப' என்று ஏதாவது ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கட்டினால் நீங்கள் வழக்கின்மேல் பந்தயம் கட்டவில்லை, தளத்தின் மனநிலைமேல் கட்டியிருக்கிறீர்கள்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை என்று தீர்ப்பு வந்தால்?

வரும். 1934-ல் நியூயார்க்கில் கோடீஸ்வரக் குடும்பத்துப் பத்து வயதுச் சிறுமி குளோரியா வாண்டர்பில்ட்டுக்காக நடந்த வழக்கு அப்படித்தான். தந்தை ஏற்கெனவே இறந்துவிட்டார். தாய்க்கும் அத்தை கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னிக்கும் சண்டை. பத்திரிகைகள் கொண்டாடின, ஒரு பணிப்பெண்ணின் சாட்சியம் எல்லை மீறிப் போனதும் நீதிபதி நிருபர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். முடிவில் சிறுமி வாரநாட்களில் அத்தையிடம், சனி ஞாயிறு தாயிடம். அந்தக் காலத்துப் பத்திரிகை வாசகருக்கும் இன்றைய பந்தயக்காரருக்கும் வித்தியாசம் அதிகமில்லை, முன்னவர் காசு கட்டவில்லை, அவ்வளவே.

பெற்றோர் இரண்டு நாட்டுக்காரர்களாக இருந்தால்?

அங்கே கேள்வியே மாறிவிடும். 2023 செப்டம்பரில் பிரிட்டிஷ் நடிகை சோஃபி டர்னர், மகள்களை இங்கிலாந்துக்கு அனுப்பக் கோரி தன் கணவரான அமெரிக்கப் பாடகர் ஜோ ஜோனஸுக்கு எதிராக நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். அடிப்படை, நாடு விட்டு நாடு கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கை. அந்த உடன்படிக்கையின்கீழ் நீதிமன்றம் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்வதே இல்லை. குழந்தையின் வழக்கமான வசிப்பிடம் எது, எந்த நாட்டு நீதிமன்றம் வழக்கை நடத்த வேண்டும் என்பதை மட்டும் பார்க்கும். தலைப்புச் செய்தியைப் பார்த்து 'கஸ்டடி கேஸ்' என்று பணம் கட்டுகிறவருக்கு இது தெரியாது. இந்த வழக்கு மத்தியஸ்தப் பேச்சில் முடிந்து 2024 ஜனவரியில் மனு விலக்கிக்கொள்ளப்பட்டது.

டிஎன்ஏ பந்தயம் மட்டும் பரவாயில்லையா?

விடை தெளிவாக வரும் என்ற அளவில் அது நல்ல பந்தயம். ஆனா நிக்கோலின் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் தந்தையாக ஹோவர்ட் கே. ஸ்டெர்ன் பெயர் இருந்தது, லாரி பர்க்ஹெட் தான்தான் என்றார், வேறு சிலரும் கை தூக்கினார்கள். 2007 ஏப்ரல் 10 அன்று பஹாமாஸில் பரிசோதனை முடிவு வந்தது, பர்க்ஹெட். தகராறு இல்லை, மேல்முறையீட்டுப் பேச்சு இல்லை. தாயை இழந்து இரண்டு மாதமான பச்சைக் குழந்தையை வைத்து நடந்த பந்தயம் என்பதை மறந்துவிட்டால் எல்லாம் சுத்தம்.

உள்ளே இருப்பவர்கள் யாராவது பந்தயம் கட்டினால்?

கட்டினால் நீங்கள்தான் இரை. விடை முன்கூட்டியே தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்: வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர், நீதிமன்ற எழுத்தர், ஆயா, டிரைவர், பாதுகாவலர், பெற்றோரின் நண்பர்கள். சமரசம் கையெழுத்தாகி அறிவிக்கப்படுவதற்கு இடையில் சில நாட்கள் இருக்கும், அந்த நாட்களில் சந்தை திறந்திருக்கும்.

அமெரிக்காவில் ஃபெடரல் அரசு ஊழியர் வேலையில் கிடைத்த ரகசியத்தை வைத்து, பிற்கால விலைமேல் இன்றே போடும் ஃபியூச்சர்ஸ் போன்ற ஒப்பந்தங்களில் வியாபாரம் செய்யக் கூடாது என்று 2010-ன் நிதிச் சந்தைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு, எடி மர்ஃபி நடித்த 'டிரேடிங் பிளேசஸ்' படத்தை வைத்து அதை 'எடி மர்ஃபி விதி' என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் குழந்தை வழக்குகள் நடப்பது மாநில நீதிமன்றங்களில். ஆயாவும் டிரைவரும் அரசு ஊழியர்களே இல்லை. நம்பிக்கையை மீறி ரகசியத்தைப் பயன்படுத்தினால் மோசடி என்று பிடிக்க வேறு விதிகள் இருக்கின்றன, ஆனால் கடல் தாண்டிய தளத்தில் நண்பன் பெயரில் கட்டிய நூறு டாலரை யார் தேடப் போகிறார்கள்?

பிரிட்டனில் இது வெறும் தியரி இல்லை என்று தெரிந்துவிட்டது. 2024 மே 22 அன்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் ஜூலை 4 தேர்தல் என்று அறிவிக்கும் முன்பே, அந்தத் தேதிமேல் அவரது கட்சி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் பந்தயம் கட்டியிருந்தது வெளியே வந்து நாறியது. அடுத்த வருடம் சூதாட்ட ஆணையம் 15 பேர்மீது குற்றம் சாட்டியது. ஒரு நாட்டின் தேர்தல் தேதியையே விடவில்லை, யாரோ ஒரு நடிகரின் குடும்ப வழக்கை விடுவார்களா?

பிரிட்டனில் இது சட்டப்படி சரியா?

அங்கே 2005 சூதாட்டச் சட்டத்தில் பந்தயத்துக்கான வரையறை மிக அகலமானது. ஒரு போட்டியின் முடிவு, ஏதாவது நடக்குமா நடக்காதா, ஏதாவது உண்மையா பொய்யா, எதன்மேலும் கட்டலாம். ஏற்கெனவே நடந்து முடிந்து, பந்தயம் கட்டும் ஒரு தரப்புக்கு விடை தெரிந்திருந்தாலும் அது பந்தயமாகக் கருதப்படலாம் என்றே எழுதியிருக்கிறார்கள். (ஏமாற்றுவது தனிக் குற்றம், மேலே சொன்ன 15 பேர் சிக்கியது அந்தப் பிரிவில்தான்.) ஆக, வரையறையில் தடை இல்லை. தடை வேறு இடத்திலிருந்து வருகிறது. அங்கே குடும்ப நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் மூடிய கதவுக்குள், 1989 குழந்தைகள் சட்டப்படி வழக்கு நடக்கும்போது குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். விடையே வெளியே வராத கேள்விக்கு எந்த புக்மேக்கர் பணம் பட்டுவாடா செய்வார்?

அமெரிக்காவில்?

விளையாட்டு பெட்டிங் மாநிலத்துக்கு மாநிலம். 2019-ல் நியூ ஜெர்சி ஆஸ்கருக்குப் பந்தயம் கட்ட அனுமதித்தது, விளையாட்டு அல்லாத பந்தயம் என்றால் பெரும்பாலும் அந்த மாதிரி விருதுகள்தான். பெரிய சர்ச்சை இப்போது 'கணிப்புச் சந்தை' (ஏதாவது நடக்குமா நடக்காதா என்பதன்மேல் சீட்டு வாங்கி விற்கும் இடம்) என்ற பெயரில் நடக்கிறது. இவற்றை டெரிவேட்டிவ் சந்தையின் கண்காணிப்பாளரான சிஎஃப்டிசி மேற்பார்க்கிறது. பயங்கரவாதம், படுகொலை, போர், சூதாட்டம், சட்டவிரோதச் செயல் இவற்றின்மேலான ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதம் என்று ஆணையம் கருதினால் தடுக்கலாம், இதேபோன்ற வேறு செயல்களையும் விதி போட்டு அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 2010 சட்டம் சொல்கிறது. குழந்தை வழக்கு என்று அந்தப் பட்டியலில் எழுதியில்லை.

ஒரு தமாஷ். அதே 2010 சட்டம் சினிமா வசூல்மேல் ஃபியூச்சர்ஸ் வியாபாரத்தைத் தடை செய்தது. 1958 முதல் வெங்காயத்துக்கு அந்தத் தடை இருக்கிறது, சினிமா வசூல் அதோடு போய்ச் சேர்ந்தது. ஒரு படம் எவ்வளவு வசூலிக்கும் என்று பந்தயம் கட்டக் கூடாது என்று ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வாஷிங்டன் வரை போய்ச் சட்டம் வாங்கின. அந்தப் படத்தில் நடித்தவரின் பிள்ளைக்காக அப்படி யாரும் போகவில்லை.

கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தைகள் இந்த பழைய தளங்களைவிடத் தரமானவைதானே?

அமைப்பு வேறு. தளம் உங்களுக்கு எதிராக நிற்பதில்லை, உங்களைப் போன்ற இன்னொருவர் நிற்கிறார். 'ஆம்' சீட்டு 63 சென்ட் என்றால் சந்தை ஏறக்குறைய 63 சதவீத வாய்ப்பு என்கிறது, நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். விலை வெளிப்படையாக நகரும், இடையில் விற்றுவிட்டும் போகலாம். கால்ஷி 2021 முதல் சிஎஃப்டிசி அனுமதியோடு நடக்கிறது. பாலிமார்க்கெட் கிரிப்டோ பணத்தில் தொடங்கி, பதிவில்லாமல் நடத்தியதற்காக 2022 ஜனவரியில் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

ஆனால் 'யார் ஜெயித்தார்' என்ற தலைவலி இங்கேயும் தீரவில்லை. 2025-ல் பாலிமார்க்கெட்டில் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி ஜூலைக்கு முன் சூட் போடுவாரா என்று ஒரு கேள்வி ஓடியது. ஜூன் மாத நேட்டோ மாநாட்டுக்கு அவர் கறுப்பு ஜாக்கெட்டில் வந்தார். பல செய்தி நிறுவனங்கள் சூட் என்றே எழுதின. 20 கோடி டாலருக்கும் மேல் புரண்ட அந்தச் சந்தை, ஒரு வகை கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்ப்புச் சொல்லும் முறையில், கடைசியில் 'இல்லை' என்று முடிந்தது. கண்ணுக்கு முன்னால், கேமராவுக்கு முன்னால் நின்ற ஒரு ஆளின் சட்டையையே இவர்களால் ஒழுங்காகத் தீர்மானிக்க முடியவில்லை. முத்திரை வைத்த கோப்புக்குள் இருக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கப் போகிறார்களாம்.

பந்தயம் கட்டுவதால் அந்தக் குழந்தைக்கு என்ன நஷ்டம்? அதற்குத் தெரியப்போவதே இல்லையே?

பிறக்கப் போகும் அரச குழந்தைக்கு என்ன பெயர் என்று பந்தயம் கட்டுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. பெயர் வைக்கிறவர்களை அது தொடுவதில்லை. குழந்தை வழக்கு அப்படி இல்லை. ஒரு பெற்றோர் குழந்தையைக் காரில் பெல்ட் போடாமல் உட்கார வைத்த படம் ஒன்று கிடைத்தால் ஆட்ஸ் நகரும், அந்தப் படம் அடுத்த விசாரணையில் சாட்சியமாகவும் வரலாம். படத்துக்கு ஏற்கெனவே பத்திரிகை விலை கொடுக்கிறது, பந்தயம் அதன்மேல் இன்னொரு விலையை வைக்கிறது. அந்தப் படத்தை எடுக்க யாராவது பள்ளி வாசலில் கேமராவோடு நிற்க வேண்டும் இல்லையா?

ஹாலிவுட் நடிகை ஹாலி பெர்ரியின் கதை இதற்குப் பக்கத்தில் வருகிறது. மகளோடு பிரான்ஸுக்குக் குடிபோக அனுமதி கேட்டார், லாஸ் ஏஞ்சலஸில் புகைப்படக்காரர்கள் தொல்லை தாங்கவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2012 நவம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது, தந்தை அமெரிக்காவில் இருக்கிறார் அல்லவா. ஊரை விட்டுப் போக முடியாதென்றால் ஊரை மாற்றுவோம் என்று அவர் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொன்னார், நடிகை ஜெனிஃபர் கார்னரும் வந்து பேசினார். 2013-ல் சட்டம் வந்தது. பெற்றோரின் தொழிலை வைத்து ஒரு குழந்தையைத் துரத்தித் தொல்லை கொடுத்தால், முதல் தடவைக்கே ஒரு வருடம்வரை சிறை, 10,000 டாலர்வரை அபராதம். கேமராக்காரருக்குச் சட்டம் இருக்கிறது. படத்தைப் பார்த்து ஆட்ஸை நகர்த்துகிறவரை அது தொடாது.

பிரபலமாக இருக்கிறவர்கள் இதையெல்லாம் தாங்கித்தானே ஆக வேண்டும்?

பெற்றோர் பிரபலம். பிள்ளை ஒரு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

நான் சும்மா ஐந்து டாலர் கட்டிப் பார்க்கிறேன், என்ன ஆகிவிடும்?

உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஐந்து டாலர் போகும், அல்லது ஒன்றரை வருடம் அங்கேயே முடங்கிக் கிடக்கும். பதிவில்லாத தளமென்றால் ஜெயித்தாலும் பணத்தை வெளியே எடுக்க அடையாள அட்டை, வங்கி விவரம், செல்ஃபி என்று வரிசையாகக் கேட்பார்கள், தராவிட்டால் கணக்கு முடக்கம். ஏமாற்றினால் முறையிட ஒரு அலுவலகமும் இருக்காது. வழக்கைப் பின்தொடர்வதுதான் நோக்கம் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் மேல்நிலை நீதிமன்றத்தின் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் எந்தத் தேதியில் என்ன மனு தாக்கலானது என்ற பட்டியல் வரும். உள்ளடக்கம் முத்திரை வைக்கப்பட்டிருக்கலாம், தேதிகள் இருக்கும். ஆட்ஸ் பார்ப்பதைவிட அதில் விஷயம் அதிகம்.

ஒரு தளத்தில் இப்படி ஒரு சந்தையைப் பார்த்தால் என்ன செய்வது?

சிஎஃப்டிசி மேற்பார்வையில் உள்ள தளமென்றால் அந்த ஆணையத்துக்கே புகார் அனுப்பலாம், இணையத்தில் படிவம் இருக்கிறது. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளமென்றால் முதலில் தளத்திடமே புகார். தகராறு உங்கள் பணத்தைப் பற்றியது என்றால் அடுத்தபடி தளம் குறிப்பிட்டிருக்கும் சுயேச்சையான சமரச அமைப்பு, சூதாட்ட ஆணையம் தனிப்பட்ட பணத் தகராறைத் தீர்த்துவைக்காது. சந்தையே கூடாது என்பது புகார் என்றால் ஆணையத்துக்கு எழுதலாம். உரிமமே இல்லாத கடல்கடந்த தளமென்றால், அதன் இணைப்பை 'என்ன அநியாயம் பாருங்கள்' என்று நாலு பேருக்கு அனுப்பாமல் இருங்கள், அந்தச் சந்தையைத் திறந்ததே அந்த நாலு பேருக்காகத்தான்.